வாரக் கொடுப்பனவின் அளவை எழுதியது யார்?

நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் இருந்திருக்காது. ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு மா, இவ்வளவு பருப்பு, இவ்வளவு சீனி என்று அட்டையில் குறித்திருக்கிறார்களே, இந்த அளவை எழுதியது யார்? எதைக் கணக்கிட்டு எழுதினார்கள்? கிராம சேவகரைக் கேட்டால் மேலிடத்துச் சுற்றறிக்கை என்பார். மேலிடத்தில் கேட்டால் கச்சேரி என்பார்கள். கச்சேரியில் கேட்டால் கொழும்பு. சந்தையில் விலை ஏறிக்கொண்டே போகும். அட்டையில் உள்ள எண் மட்டும் எழுதியபடியே இருக்கும்.

இந்தக் கேள்வி எமக்கு மட்டும் உரியதல்ல. ஐக்கிய அமெரிக்காவில் தொழிலை இழந்தவர்களுக்கு வாராவாரம் கொடுக்கப்படும் பணத்தைப் பற்றி இம்முறை எழுத எண்ணினோம். செல்வந்த நாட்டின் கதை எமக்கு எதற்கு என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். ஆனால் அந்நாட்டில் ஒரே தொழிலைச் செய்து, ஒரே சம்பளத்தை வாங்கி, ஒரே நாளில் வேலையிழந்த இருவரில் ஒருவர் பெறும் தொகையில் மூன்றில் ஒரு பங்கையே மற்றவர் பெறுகிறார். அவர்கள் எந்த மாநிலத்தில் வேலை செய்தார்கள் என்பது மட்டுமே வித்தியாசம். இந்த வித்தியாசம் எப்படி உண்டானது, அதில் கமக்காரருக்கும் கமத்தில் கூலி வேலை செய்தோருக்கும் என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்தால், அளவு என்பது எப்படி எழுதப்படுகிறது என்ற எமது கேள்விக்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

கணக்குப் போடும் விதம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அங்கே கொடுக்கப்படுவது தர்மப் பணம் அல்ல. அது ஒரு காப்புறுதி. ஒவ்வொரு முதலாளியும் தன்னிடம் வேலை செய்பவரின் சம்பளத்துக்கு ஏற்ப மாநில நிதியத்துக்கு வரி கட்ட வேண்டும். மூன்று மாநிலங்களில் மட்டும் தொழிலாளியிடமிருந்தும் ஒரு சிறு தொகை கழிக்கப்படுகிறது. தன் பிழையின்றி வேலையை இழந்தவர் விண்ணப்பித்து, வேறு வேலை தேடிக்கொண்டிருக்கும் வரை, குறிப்பிட்ட வாரங்களுக்கு அந்த நிதியத்திலிருந்து பணம் பெறுவார்.

எவ்வளவு பெறுவார்? பொது வழக்கம், இழந்த சம்பளத்தில் ஏறத்தாழப் பாதி. பல மாநிலங்களில் ஒருவர் கூடுதலாக உழைத்த காலாண்டின் சம்பளத்தை எடுத்து 26ஆல் பிரிப்பார்கள். ஒரு காலாண்டில் 13 வாரங்கள். ஆகவே 26ஆல் பிரித்தால் வாரச் சம்பளத்தில் பாதி வரும். இதுவரை நியாயமான கணக்குத்தான். ஆனால் இதன் மேல் ஒரு கூரை போடப்பட்டிருக்கிறது. எவ்வளவு உழைத்தவராயினும் இந்தத் தொகைக்கு மேல் இல்லை என்று ஒவ்வொரு மாநிலமும் ஓர் உச்சவரம்பை வைத்திருக்கிறது. வித்தியாசமெல்லாம் இந்தக் கூரையின் உயரத்தில்தான் இருக்கிறது.

பழங்களைப் பொதி செய்யும் ஒரு கொட்டகையில் இயந்திரம் திருத்துபவர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். வாரச் சம்பளம் 1,400 டொலர். காலாண்டுக்கு 18,200 டொலர். அதில் பாதி என்றால் வாரத்துக்கு 700 டொலர். அவர் மேற்குக் கரையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தவரானால் அந்த 700 டொலர் முழுவதும் கிடைக்கும். ஏனெனில் அங்கே உச்சவரம்பு ஆயிரம் டொலருக்கு மேல். புளோரிடாவில் அவருக்கு 275 டொலர்தான். மிசிசிப்பியில் 235 டொலர். இத்தொகைகளை ரூபாவாக மாற்றிப் பார்த்து வாசகர்கள் வியக்க வேண்டாம். அவருடைய வீட்டு வாடகையும் பால்மாவும் பஸ் கட்டணமும் டொலரில்தான்.

புளோரிடாக்காரருக்கு இன்னுமொரு சங்கடம். நாட்டின் பல மாநிலங்களில் 26 வாரங்கள் வரை கொடுக்கிறார்கள். புளோரிடாவில் 2011இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, மாநிலத்தில் வேலையின்மை குறைவாக உள்ள காலங்களில் 12 வாரங்களோடு கொடுப்பனவு முடிந்துவிடும். எல்லோருக்கும் வேலை இருக்கும்போது உனக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்பதே அதன் உட்கருத்து.

இந்த உச்சவரம்பை எழுதுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. வாஷிங்டன் மாநிலத்துச் சட்டத்தில் டொலர்க் கணக்கோடு ஒரு வீதமும் எழுதப்பட்டிருக்கிறது: மாநிலத்தின் சராசரி வாரச் சம்பளத்தில் 63 வீதம். ஆண்டுதோறும் ஜூலையில் புதிய சராசரியைக் கொண்டு கணக்கிடுவார்கள். சம்பளம் ஏறினால் கூரையும் தானாக ஏறும். எவரும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை, ஊர்வலம் போக வேண்டியதில்லை. புளோரிடாவின் சட்டத்தில் 275 என்ற எண்ணே எழுதப்பட்டிருக்கிறது. அது 1998இல் எழுதப்பட்டது. அன்று முதல் இன்று வரை அமெரிக்காவில் பொருள்களின் விலை ஏறத்தாழ இருமடங்காகிவிட்டது. எண் மாறவில்லை, அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. இதைக் குறைக்கவேண்டும் என்று எந்தச் சட்டசபை உறுப்பினரும் கை உயர்த்தவில்லை. எவரும் கை உயர்த்தாததனாலேயே அது குறைந்தது.

இது ஏதோ தென்மாநிலங்களின் கஞ்சத்தனம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. தொழிலாளருக்குச் சார்பானது என்று பெயர்பெற்ற கலிபோர்னியாவில் உச்சவரம்பு 450 டொலர். அது 2005ஆம் ஆண்டு முதல் அசையவில்லை. அங்கே தடையாக இருப்பது நிதியத்தின் கடன்.

அந்தக் கடன் எப்படி வருகிறது? முதலாளி வரி கட்டுவது தொழிலாளியின் முழுச் சம்பளத்துக்கும் அல்ல. ஆண்டுச் சம்பளத்தின் முதல் 7,000 டொலருக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்பது சமஷ்டிச் சட்டம் வைத்த மிகக் குறைந்த எல்லை. இந்த 7,000 என்ற எண் 1983 முதல் அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவும் புளோரிடாவும் அந்தக் குறைந்த எல்லையிலேயே நிற்கின்றன. மாசிப் பங்குனிக்குள் பலரின் சம்பளம் 7,000 டொலரைத் தாண்டிவிடும். அதன் பின் அவர்களுக்காக அந்த ஆண்டில் வரி இல்லை. வாஷிங்டன் மாநிலத்தில் 70,000 டொலருக்கு மேற்பட்ட தொகை வரை வரி உண்டு. ஒரு குளத்துக்குச் சிறிய வாய்க்காலாலும் மற்றதற்குப் பெரிய வாய்க்காலாலும் நீர் வந்தால், வரட்சி வரும்போது எந்தக் குளம் முதலில் வற்றும் என்பதைக் கமக்காரருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. வற்றிய மாநிலங்கள் சமஷ்டித் திறைசேரியிடம் கடன் வாங்குகின்றன. கலிபோர்னியாவின் கடன் ஏறத்தாழ 2,000 கோடி டொலர்.

இப்படி ஏன் அமைத்தார்கள்?

ஒரே நாட்டில் ஏன் ஐம்பது விதமான அளவுகள் என்று கேட்டால், 1930களின் பெரும் பொருளாதார மந்தத்துக்குப் போக வேண்டும்.

முதன்முதலில் இச்சட்டத்தை இயற்றியது விஸ்கொன்சின் மாநிலம், 1932 ஜனவரியில். அதை வரைவதில் முன்னின்றவர்களில் போல் ரவுஷன்புஷ், எலிசபெத் பிராண்டைஸ் என்ற கணவனும் மனைவியும் இருந்தனர். போல், நியூயோர்க்கின் ஏழைக் குடியிருப்புகளில் பணியாற்றி, நற்செய்தி சமூக நீதிக்கும் உரியது என்று எழுதிய பப்ரிஸ்த சபைப் போதகர் வோல்ட்டர் ரவுஷன்புஷின் மகன். எலிசபெத், உயர் நீதிமன்ற நீதியரசர் லூயிஸ் பிராண்டைஸின் மகள். இச்சட்டத்தின்படி முதற் காசோலை 1936 ஓகஸ்டில் கொடுக்கப்பட்டது. தொகை 15 டொலர்.

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டும், அவருடைய தொழில் அமைச்சராக இருந்த பிரான்சிஸ் பேர்க்கின்ஸ் அம்மையாரும் இதை நாடு முழுவதற்கும் கொண்டுவர விரும்பினர். அமெரிக்க மந்திரிசபையில் இடம்பெற்ற முதற் பெண் இவரே. அவர்களுக்கு இருந்த பயம் உயர் நீதிமன்றத்தைப் பற்றியது. மாநிலங்களின் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று சொல்லி நீதிமன்றம் சட்டத்தைத் தள்ளிவிடக்கூடும். ஒரு தேநீர் விருந்தில் நீதியரசர் ஹார்லன் ஸ்டோன் என்பவர், வரி விதிக்கும் அதிகாரத்தைப் பாருங்கள், அதில் எல்லாம் அடங்கும் என்ற பொருள்படத் தம் காதோடு சொன்னதாகப் பேர்க்கின்ஸ் அம்மையார் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். பெரிய சட்டங்கள் சில வேளை தேநீர்க் கோப்பையோடும் பிறக்கின்றன.

கையாண்ட உபாயம் நீதியரசர் பிராண்டைஸ் தம் மகளுக்கும் மருமகனுக்கும் காட்டியது. சமஷ்டி அரசு எல்லா முதலாளிகளுக்கும் ஒரு வரி விதிக்கும். ஒரு மாநிலம் தனக்கென வேலையிழப்பு நிதியம் ஒன்றை அமைத்தால், அந்த நிதியத்துக்குக் கட்டும் பணத்துக்காகச் சமஷ்டி வரியில் 90 வீதம் வரை கழித்துவிடலாம். அமைக்காத மாநிலத்தின் முதலாளிகளும் வரி கட்டத்தான் வேண்டும். ஆனால் பணம் வாஷிங்டன் தலைநகருக்குப் போய்விடும். எந்த மாநிலம் இதற்குப் பின் மறுக்கும்? 1935 ஓகஸ்ட் 14இல் ரூஸ்வெல்ட் சட்டத்தில் கையொப்பமிட்டார். 1937 முடிவதற்குள் எல்லா மாநிலங்களும் சட்டம் இயற்றிவிட்டன. உயர் நீதிமன்றமும் அவ்வாண்டே அதை ஏற்றுக்கொண்டது.

உபாயம் வென்றது. ஆனால் கொடுக்கும் தொகை எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை மாநிலங்களிடமே விட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் வாரத்துக்கு 15 டொலர் என்ற ஒரே உச்சவரம்பை எழுதின. அந்நாளைய சராசரி வாரச் சம்பளத்தில் அது பாதிக்கும் மேல். போர்க் காலத்தில் சம்பளங்கள் ஏறத் தொடங்கியபோதுதான், எழுதிய எண்ணை மாற்றிய மாநிலத்துக்கும் மாற்றாத மாநிலத்துக்கும் இடையே தூரம் கூடியது. ஐசன்ஹோவர் முதலாகப் பல ஜனாதிபதிகள் மாநிலங்களைப் பார்த்து, பாதிச் சம்பளமாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். 1966இல் ஒரு குறைந்தபட்ச அளவை நாடு முழுவதற்கும் வகுக்கும் ஏற்பாடு செனட் சபையில் நிறைவேறியும், இரு சபைகளுக்கும் உடன்பாடு வராமல் கைவிடப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் காங்கிரஸ் நியமித்த ஆலோசனைச் சபையும், உச்சவரம்பு மாநிலச் சராசரிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்காக இருக்க வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சிபாரிசு சிபாரிசாகவே இருக்கிறது.

கமத்தில் வேலை செய்தோர்

1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி எமது வாசகர்களுக்கு மனதில் தைக்கும். கமத்தொழிலும் வீட்டு வேலையும் இச்சட்டத்தில் அடங்கா. பருத்திக் காட்டிலும் பழத்தோட்டத்திலும் முதுகு வளைந்தவர்களுக்கு எதுவுமில்லை. கறுப்பின உழைப்பாளரில் பெரும் பங்கினர் அன்று இந்த இரண்டு தொழில்களிலும்தான் இருந்தனர். சிதறிக் கிடக்கும் கமங்களில் வரி அறவிடுவது கடினம் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். தென்மாநிலத் தோட்ட முதலாளிகளின் செல்வாக்கே மெய்யான காரணம் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உளர். எது முதலில், எது பின்னர் என்று அவர்கள் வாதாடட்டும். அளவை எழுதிய மேசையில் கமத்துக் கூலியாள் ஒருவரும் இருக்கவில்லை என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று. 1976இல் திருத்தம் நிறைவேறி 1978 முதல் நடைமுறைக்கு வந்தது. அப்போதும் எல்லாக் கமங்களும் அல்ல. ஒரு காலாண்டில் 20,000 டொலர் அல்லது அதற்கு மேல் கூலி கொடுக்கும் கமம், அல்லது ஆண்டில் 20 வாரங்களில் பத்துப் பேரையாவது வைத்து வேலை செய்விக்கும் கமம் மட்டும். இந்த 20,000 என்ற எண்ணும் அன்று எழுதியபடியே இருக்கிறது. இங்கே மட்டும் உறைந்த எண் ஏழைக்கு உதவியது. கூலி ஏற ஏற, முன்பு சிறிய கமமாக இருந்தவை பலவும் 20,000 டொலரைத் தாண்டிச் சட்டத்துக்குள் வந்துவிட்டன.

ஆயினும் பருவகால விசாவில் வெளிநாடுகளிலிருந்து கொண்டுவரப்படும் கமத் தொழிலாளர்கள் இத்திட்டத்தில் சேரார். அனுமதிப் பத்திரம் இல்லாமல் வேலை செய்வோருக்கும் இது கிடையாது. பழம் பறிக்கும் கைகளில் பெருந்தொகையானவை அவர்களுடையவை.

வட கரோலினாவில் நடந்தது

அளவைக் குறைப்பதற்கு எத்தனை வழிகள் உண்டு என்பதை வட கரோலினா மாநிலத்தின் கதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

2008இல் தொடங்கிய மந்தத்தில் அங்கே ஆலைகள் பல மூடப்பட்டன. நிதியம் வற்றி, சமஷ்டி அரசிடம் வாங்கிய கடன் 250 கோடி டொலரையும் தாண்டியது. கடன் தீராத ஒவ்வோர் ஆண்டும் முதலாளிகள் ஒவ்வொரு தொழிலாளிக்காகவும் மேலும் 21 டொலர் சமஷ்டி வரி கட்ட வேண்டும் என்பது விதி. முதலாளிகளின் முறைப்பாட்டிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடனைத் தீர்ப்பதன் பெரும் பாரம் வேலையிழந்தோர் தலையில் வைக்கப்பட்டது. 2013 ஜூலை 1ஆம் திகதி முதல் வார உச்சவரம்பு 535 டொலரிலிருந்து 350 டொலராக வெட்டப்பட்டது. 26 வாரங்கள் இருந்த இடத்தில் கூடியது 20 வாரங்கள். வேலையின்மை குறையக் குறைய அது 12 வரை இறங்கும்.

அக்காலத்தில் நீண்ட நாள் வேலையற்றிருப்போருக்குச் சமஷ்டி அரசு தன் செலவில் மேலதிக வாரங்கள் கொடுத்து வந்தது. வாரக் கொடுப்பனவை வெட்டும் மாநிலம் அதனை இழக்கும் என்பது நிபந்தனை. வட கரோலினா தெரிந்தே வெட்டியது. ஏறத்தாழ 70,000 பேருக்கு அந்த உதவி ஒரே நாளில் நின்றது. நாட்டில் வேறெந்த மாநிலமும் அப்படிச் செய்யவில்லை.

அவ்வாண்டு வசந்த காலம் முதல் மாநிலத் தலைநகர் ராலேயில் திங்கட்கிழமைதோறும் மக்கள் சட்டசபைக் கட்டடத்தில் கூடினர். முன்னின்றவர் வில்லியம் பார்பர் என்ற போதகர். வேலையிழந்தோர் கொடுப்பனவு, ஏழைகளின் வைத்தியம், வாக்குரிமை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்தே பேசினார்கள். 'அறத்தின் திங்கள்' எனும் பொருளில் அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கோடையில் 900 பேருக்கு மேல் கைதாயினர். சட்டம் மாறவில்லை. 2015இல் கடன் தீர்ந்தது. பின்னர் நிதியத்தில் பணம் குவிந்து 400 கோடி டொலரையும் தாண்டியது. உச்சவரம்பு 350இலேயே நின்றது.

535, 350 என்ற எண்களைப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் அதே சட்டத்தில் இன்னொரு மாற்றமும் இருந்தது. கமத்தில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது அதையே. முன்பு, கூடுதலாக உழைத்த காலாண்டின் சம்பளத்தை 26ஆல் பிரித்தார்கள். புதிய சட்டம், கணக்குக்கு எடுக்கும் ஆண்டின் கடைசி இரண்டு காலாண்டுகளின் சம்பளத்தைக் கூட்டி 52ஆல் பிரிக்கச் சொன்னது. மாதா மாதம் ஒரே சம்பளம் எடுக்கும் எழுதுவினைஞருக்கு இரண்டும் ஒன்றுதான். அறுவடைக்குப் போகிறவருக்கு?

அப்பிள் அறுவடை ஆவணி முதல் ஐப்பசி, கார்த்திகை வரை. மார்கழியில் வேலை முடிந்து ஒருவர் விண்ணப்பிக்கிறார் என்று வைப்போம். சட்டப்படி, முடிந்துபோன ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கையே கணக்குக்கு எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் கடைசி இரண்டு காலாண்டுகள் ஜனவரி முதல் ஜூன் வரை, அதாவது கிளை கவ்வாத்துப் பண்ணும் வேலை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைக்கும் மாதங்கள். அறுவடைக் காலாண்டில் அவர் 9,100 டொலர் உழைத்திருந்தால் பழைய முறையில் வாரத்துக்கு 350 டொலர் வந்திருக்கும். அந்த ஆறு மாதங்களில் காலாண்டுக்கு 2,600 டொலர் வீதம் உழைத்திருந்தால் புதிய முறையில் வருவது 100 டொலர். உச்சவரம்பு அவரைத் தொடவே இல்லை. பிரிக்கும் எண்ணையும் எடுக்கும் மாதத்தையும் மாற்றியே அவருடைய காசோலையைக் குறைத்தாயிற்று. இதற்காக எவரும் ஊர்வலம் போனதாகத் தெரியவில்லை. 52ஆல் பிரிப்பதற்கு எதிராகச் சுலோகம் எழுதுவதும் எளிதல்ல.

கொள்ளைநோய்க் காலம்

2020 மார்ச்சில் கொவிட் பரவி, ஒரே வாரத்தில் 60 இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தபோது, மாநிலங்களின் அளவு போதாது என்பதைக் காங்கிரஸே ஒப்புக்கொண்டது போலாயிற்று. மார்ச் 27இல் கையொப்பமான சட்டம், எல்லா மாநிலங்களிலும் ஒவ்வொருவருக்கும் வாரம் 600 டொலரை மேலதிகமாகக் கொடுத்தது. இழந்த சம்பளத்துக்கு ஏற்ப ஆளுக்கு ஆள் கணக்கிட்டுக் கொடுக்கவே முதலில் எண்ணினார்கள். மாநிலங்களின் கணினிகள் அவ்வளவு பழையவை. அந்தக் கணக்கை அவற்றால் போட முடியாது என்றார்கள். நியூ ஜெர்சி ஆளுநர், கோபோல் என்ற பழங்காலக் கணினி மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பகிரங்கமாகக் கேட்க நேர்ந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே 600. சராசரிச் சம்பளத்துக்கும் சராசரிக் கொடுப்பனவுக்கும் இடையே இருந்த வெளியே அந்த 600.

சராசரிக்குக் கீழே உழைத்தவர் அதனால் சம்பளத்தைவிடக் கூடுதலாகப் பெற்றார். தகுதியுடையோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அப்படிப் பெற்றதாகச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். வீட்டில் இருக்கக் காசு கொடுத்தால் யார் வேலைக்கு வருவார் என்ற கேள்வி உடனே எழுந்தது. அதை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. நிவாரணம் தருவதால் தோட்டஞ் செய்ய ஆள் வருவதில்லை என்ற பேச்சை நாமும் கேட்டவர்களே. ஆனால் அதற்கு ஒரு சோதனையும் நடந்தது. பின்னர் 300 டொலராகக் குறைக்கப்பட்ட அந்த மேலதிகப் பணத்தை, 2021 செப்டெம்பர் வரை காத்திராமல், ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் அவ்வாண்டு ஜூன், ஜூலை மாதங்களிலேயே நிறுத்தின. நிறுத்திய மாநிலங்களையும் நிறுத்தாத மாநிலங்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வுக் குழு, பணத்தை இழந்த எட்டுப் பேரில் ஏறத்தாழ ஒருவரே அதனால் வேலைக்குப் போனதாகக் கண்டது. மற்ற ஏழு பேர் பணமும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருந்தார்கள்.

கொவிட் காலத்தின் இன்னொரு புதுமை, சொந்தமாகத் தொழில் செய்வோரையும் சேர்த்தது. தன் நிலத்தில் தானே உழைக்கும் கமக்காரர் வழமையான திட்டத்தில் எக்காலத்திலும் சேர்ந்தவரல்லர். அந்த ஏற்பாடும் 2021 செப்டெம்பரோடு முடிந்தது.

வெள்ளத்தில் நிலத்தை இழந்தோர்

2024 செப்டெம்பர் இறுதியில் ஹெலீன் சூறாவளி வட கரோலினாவின் மேற்கு மலைநாட்டில் பெருவெள்ளத்தைக் கொண்டுவந்தது. அந்த மாநிலத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாநிலத்தின் அப்பிள் விளைச்சலுக்குப் பேர்போன ஹென்டர்சன் மாவட்டத்தில் அது அறுவடைக் காலம். ஆஷ், ஏவரி மாவட்டங்களின் சரிவுகளில் நத்தார் மரங்கள் வளர்ப்பார்கள். ஒரு மரம் வெட்டுக்கு வர ஏழு முதல் பத்து ஆண்டுகள் செல்லும். மரத்தோடு மண்ணும் போய்விட்டது.

இப்படிப்பட்ட வேளைகளுக்கென்று 'அனர்த்தகால வேலையிழப்பு உதவி' என்று ஒரு திட்டம் உண்டு. ஜனாதிபதி பேரனர்த்தம் என்று பிரகடனஞ் செய்த இடங்களில் கமக்காரரும் சொந்தத் தொழிலாளரும் இதில் பெறலாம்; பிரகடனத்துக்குப் பின் 26 வாரங்கள் வரை. பணம் சமஷ்டி அரசினது, அளவோ மாநிலத்தினது. உச்சவரம்பு மாநிலத்தின் உச்சவரம்பு. குறைந்தபட்சம், மாநிலத்தில் சராசரியாகக் கொடுக்கப்படும் தொகையில் பாதி. பதினொரு ஆண்டுகளுக்கு முன் ஆலைத் தொழிலாளருக்கென்று வெட்டிய 350 என்ற எண், இப்போது வெள்ளத்தில் தோட்டம் போன கமக்காரர் முன்னும் வந்து நின்றது.

இதற்குப் பத்திரங்களும் வேண்டும். தொழில் செய்ததற்கான அத்தாட்சியை விண்ணப்பித்து 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் பெற்ற பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். வருமானத்துக்குச் சான்று இல்லாதவருக்குக் குறைந்தபட்சத் தொகையே. வீட்டோடு வரிப் பத்திரமும் கணக்குப் புத்தகமும் அள்ளுண்டு போனவர் என்ன செய்வார்? காணி உறுதியைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு ஓடியவர்கள் எம்மிடையே உண்டு. இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஒக்டோபரில் ஆளுநர் ரோய் கூப்பர் ஒரு கட்டளை மூலம் வார உச்சவரம்பை 600 டொலர் வரை உயர்த்தினார். நிதியத்தில் பணம் இருந்தது. தடை எழுதிய எண் ஒன்றுதான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அவசரகாலக் கட்டளைக்கு ஆயுள் குறைவு. 2025 மார்ச்சில் அது முடிந்து மீண்டும் 350 ஆயிற்று. வயலைத் திருத்தி மண் போட்டு நாற்று நடும் காலம் அது.

அவ்வாண்டு மே மாதம் நியூயோர்க் மாநிலம், கொவிட் காலத்திலிருந்து தலையில் கிடந்த ஏறத்தாழ 700 கோடி டொலர்க் கடனை அரச பணத்தால் தீர்த்தது. கடன் தீரும் வரை 504 டொலரில் கட்டப்பட்டிருந்த உச்சவரம்பு ஒக்டோபரில் ஒரேயடியாக 869 டொலர் ஆயிற்று. அங்கே வேலையிழந்தோர் எவரும் அதற்காகப் பிழிந்தெடுக்கப்படவில்லை. ஒரே வகைக் கடனை வட கரோலினா ஒரு விதமாகவும் நியூயோர்க் இன்னொரு விதமாகவும் தீர்த்தன.

வட கரோலினாவிலும் 2025இன் நடுப்பகுதியில் சட்டசபையின் இரு கட்சியினரும் சேர்ந்து உச்சவரம்பை உயர்த்தினார்கள். இப்போது அது வாரத்துக்கு 450 டொலர். 2013 ஜூன் மாதத்தில் அது 535 டொலராக இருந்தது.